பெட்டிக்குள் தப்பு உண்டா?



நாட்டார் பாடல், கூத்து, சிறுகதை, கவிதை என்று நம்முடைய செல்வங்களைப் பற்றியே இத்தொடரில் பேசி வருகிறோம். இன்று சற்று விலகி, மின்சாரத்தால் பாடுகின்ற ஒரு பெட்டியின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். உலகம் அதனைச் சிந்தசைசர் என்கிறது. கடைத்தெருவில் அது கீபோர்ட். எங்கள் தோட்டத்தில் நாங்கள் அதற்கு வைத்திருந்த பெயர் 'பாட்டுப்பொட்டி'.

இலக்கியத் தொடரில் இதற்கென்ன இடம் என்று நேயர்கள் கேட்கக்கூடும். ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டு வருகிறேன். இடம் புரிந்துவிடும்.

பசறைக்கு அப்பால் ஒரு தோட்டம். எண்பதுகளின் பிற்பகுதி. மாரியம்மன் திருவிழாவின் முதல் நாள் மாலை. மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பியிருந்த ஒரு தாய், தன் மகனுக்கு ஒரு கசியோ கீபோர்ட் கொண்டுவந்திருந்தார். லயத்துக்கு அப்போது மின்சாரம் இல்லை. அந்த இளைஞன் பெட்டியைக் கவிழ்த்து மூடியைக் கழற்றி, பெரிய டோர்ச் பற்றரிகளை ஒவ்வொன்றாக அடுக்கினான். ஒரு பொத்தானை அழுத்தியதும் ஆளில்லாமலே மேளம் கொட்டத் தொடங்கிற்று. சிறுவர்களாகிய நாங்கள் வாயைப் பிளந்து நின்றோம்.

கோயில் வாசலில் தீ மூட்டித் தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்த முதியவர் எழுந்து வந்தார். சிறிது நேரம் கேட்டுவிட்டு, "ஏன்டா தம்பி, எல்லா மேளமும் இதுல இருக்குனு சொன்னியே, நம்ம தப்பு இருக்கா?" என்றார்.

இளைஞன் எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்த்தான். "இல்ல தாத்தா" என்றான்.

"அப்ப எல்லா மேளமும் இல்லைனு சொல்லு" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் தீயருகே போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான் இன்றைய உரை.

ஒலிக்கு யார் சொந்தக்காரர்?

தோட்டத்து வாழ்வில் ஒலி என்பது ஆரம்பம் முதலே ஒரு கட்டளையாக இருந்திருக்கிறது. விடியுமுன்னே பிரட்டுக்குத் தப்பு முழங்கும். அதைக் கேட்டுத்தான் லயங்கள் கண்விழித்தன. மலையக இலக்கியத்தின் முன்னோடி சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதி, சக்தி பால ஐயாவால் தமிழுக்கு வந்த 'தேயிலைத் தோட்டத்திலே' என்ற நெடுங்கவிதை, அந்த அதிகாலை முழக்கத்தோடுதான் தொடங்குகிறது. கவிஞருடைய காதில் முதலில் விழுந்த மலையகம் அதுவே.

ஆனால் அதே தப்பு மாலையில் வேறு பேச்சுப் பேசும். மாசி மாதத்துக் காமன் கூத்தில் ரதியும் மன்மதனும் ஆடுவதற்கு ஓர் அடி. சாமி புறப்பாட்டுக்கு ஓர் அடி. சாவு வீட்டுக்கு இன்னோர் அடி. தூரத்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருக்கும் ஒருத்தி, கீழிருந்து வரும் அடியைக் கேட்டே லயத்தில் நடப்பது நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடுவாள். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய ஒரு தோல், நீளமான மெல்லிய குச்சி ஒன்று, குட்டையான தடித்த குச்சி ஒன்று. அவ்வளவுதான் கருவி. சுருதி கூட்டுவதற்கு முறுக்காணி கிடையாது, நெருப்புத்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தப்பை எல்லோரும் கேட்டார்கள். அடித்தவர்களை எல்லோரும் மதித்தார்களா? இல்லை. சாவு வீட்டில் தப்படிப்பது ஒரு சாதியின் கடமை என்று விதிக்கப்பட்டிருந்தது. வாத்தியத்தின் மேல் இருந்த இழிவு வாசித்தவன் மேலும் படிந்தது. அதனால்தான் படித்த இளைஞர்கள் பலர் தப்பைத் தொட மறுத்தார்கள். அவர்கள் விட்டது இசையை அல்ல, இழிவை. இதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் பாட்டுப்பொட்டியின் மேல் அந்த இளைஞனுக்கு இருந்த ஆசை நமக்குப் புரியும். தப்படித்தால் அவன் 'தப்படிக்கிறவன்'. கீபோர்ட் வாசித்தால் அவன் 'மாஸ்டர்'.

வெளியுலகத்து ஒலிகள் வந்த வழியையும் பார்ப்போம். 1924 ஆம் ஆண்டு புகையிரதம் பதுளையை வந்தடைந்தது. அதற்கு அடுத்த ஆண்டு டிசம்பரில் கொழும்பில் முறையான வானொலி ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. ஆனால் வானொலிப் பெட்டி ஊவாவின் தொழிலாளர் லயத்துக்குள் நுழைய இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. பற்றரியில் இயங்கும் டிரான்சிஸ்டர் வந்த பின்னரே அது சாத்தியமானது. அதன்பின் ஒலிபெருக்கி, அதன்பின் கசெட். எல்லாமே கேட்பதற்கான கருவிகள். எங்கோ ஒருவர் பாட, நாங்கள் கேட்டோம். நாங்கள் பாடுவதை உலகம் கேட்பதற்கான கருவி ஒன்றும் மலையேறி வரவில்லை.

மின்சாரம் பாடத் தொடங்கிய கதை

இந்த நூற்றாண்டுக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1920 ஆம் ஆண்டளவில் ரஷ்ய நாட்டு இயற்பியலாளர் தெரமின், கையால் தொடாமலே காற்றில் கையசைத்து வாசிக்கும் ஒரு மின்கருவியைச் செய்தார். அதனால் ஈர்க்கப்பட்டுச் சிறுவயதிலேயே அத்தகைய கருவிகளைச் செய்யத் தொடங்கியவர் அமெரிக்காவின் ரொபர்ட் மூக். 1964 ஆம் ஆண்டில் அவர் உருவாக்கியதே மூக் சிந்தசைசர்.

அதன் வேலை முறை தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்தவர்களுக்கு எளிதில் விளங்கும். முதற்பகுதி மின்னலைகளை உண்டாக்கும். அது பச்சைக் கொழுந்து போன்றது, கரடுமுரடானது. அடுத்த பகுதி ஒரு சல்லடை. வேண்டாத அதிர்வுகளை அது வடித்துத் தள்ளும். மூன்றாம் பகுதி, ஒலி எவ்வளவு விரைவாக எழ வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எப்படி அடங்க வேண்டும் என்று தீர்மானிக்கும். ஒரே கொழுந்திலிருந்து பலவகைத் தூள் பிரிவது போல, ஒரே அலையிலிருந்து குழலும் பிறக்கும், முரசும் பிறக்கும்.

இந்தியா இதில் பின்தங்கியிருக்கவில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். 1969 ஆம் ஆண்டிலேயே அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் கருவி நிறுவப்பட்டது. அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் அங்கு வந்து அதனை அமைத்துக் கொடுத்தார். அங்கே இந்தியக் கலைஞர்கள் செய்த ஒலிப்பதிவுகள் பல ஆண்டுகள் அலுமாரியில் உறங்கி, 2023 ஆம் ஆண்டில்தான் இசைத்தட்டாக வெளிவந்தன. நல்ல காரியமும் அலுமாரிக்குள் இருந்தால் ஊருக்குத் தெரியாது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

ஆயினும் நம் இசைக்கும் இந்தப் பெட்டிக்கும் இடையே ஒரு பழைய வழக்கு உண்டு. நம்முடைய கமகம் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வது. கட்டைகளோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு படி. படிக்கட்டில் வழுக்க முடியாது. இக்காரணத்தைக் காட்டித்தான் அகில இந்திய வானொலி 1940 ஆம் ஆண்டில் ஹார்மோனியத்துக்குத் தடை விதித்தது. 1971 ஆம் ஆண்டு வரை அத்தடை நீடித்தது. நம்முடைய கூத்து மேடைகளும் பஜனை மடங்களும் அந்தத் தடையை அறியவே இல்லை. அவை பாட்டுக்கு ஹார்மோனியத்தோடு விடியவிடியப் பாடின. சிந்தசைசரில் கட்டைகளுக்கு இடப்பக்கம் ஒரு சிறு சக்கரம் வைத்தார்கள். அதை உருட்டினால் சுரம் வளையும். முப்பது ஆண்டுத் தடைக்குக் காரணமான குறையை ஒரு சக்கரம் பாதியளவாவது தீர்த்தது. இதற்கிடையில் 1979 ஆம் ஆண்டில் பெங்களூரின் ராடெல் நிறுவனம் மின்னணுத் தம்பூராவைச் செய்து, பாட்டு ஆசிரியர்களின் வீட்டுக்குள் மின்னிசையைச் சந்தடியில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

பற்றரியில் வந்த வாத்தியக் குழு

மூக்கின் கருவிகள் செல்வந்தருக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உரியவை. ஏழையின் கைக்கு எட்டியது ஜப்பானிய நிறுவனமொன்றின் கருவி. கணக்குப் பொறிகள் செய்து பெயர் பெற்ற கசியோ 1980 ஆம் ஆண்டில் தன் முதலாவது மின் கீபோர்ட்டை வெளியிட்டது. அடுத்தடுத்து வந்தவை சிறியனவாயின, மலிந்தன. பலவற்றுக்குச் சுவர் மின்சாரம் வேண்டியதில்லை, பற்றரி போதும். தொழிற்சாலையிலும் துரை பங்களாவிலும் மட்டும் மின்விளக்கு எரிந்த அந்நாட்களில், லயத்துக்குள் அக்கருவி நுழைந்ததற்கு இந்தப் பற்றரிக் குழியே காரணம். 1977 ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரம் கடைகளை நிரப்பியது. மத்திய கிழக்கு வேலைவாய்ப்பு பெண்களை அனுப்பிப் பொருட்களைக் கொண்டுவந்தது. ஒரு தாயின் இரண்டாண்டுப் பிரிவு ஒரு கீபோர்ட்டாக வந்து சேர்ந்த வீடுகள் ஊவாவில் உண்டு. அதன் விலையை யாரும் பணத்தால் மட்டும் கணக்கிட்டுவிட முடியாது.

அந்தப் பெட்டிக்குள் என்ன மேளங்கள் இருந்தன? ரொக், வால்ஸ், சுவிங், சம்பா. அமெரிக்கா, ஐரோப்பா, பிரேசில். பெட்டி யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர்களின் கால்கள் ஆடுவதற்கான தாளங்கள். பசறை முதியவரின் கேள்விக்கு அங்கே விடை இல்லை.

ஆனால் ஒரு கதை கேளுங்கள். 1981 ஆம் ஆண்டில் கசியோ வெளியிட்ட எம்.டி. 40 என்ற சிறு கீபோர்ட்டில் 'ரொக்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதன் தாளத்தையும் அடிச்சுர ஓட்டத்தையும் அமைத்தவர் ஹிரோகோ ஒகுடா என்ற இளம்பெண். இசை படித்துவிட்டு நிறுவனத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். அந்தக் கருவி ஜமைக்கா தீவில் நோயல் டேவி என்ற இளைஞரின் கையில் கிடைத்தது. அவரும் பாடகர் வேய்ன் ஸ்மித்தும் அந்தப் பொத்தானின் தாளத்தை வேகம் குறைத்து, தங்கள் ரெகே இசைக்கு அடித்தளமாக்கினார்கள். தயாரிப்பாளர் கிங் ஜாமியின் கையில் அது 1985 ஆம் ஆண்டில் பாடலாக வெளிவந்தபோது ஜமைக்காவின் இசையே திசை மாறிற்று. அதே தாளத்தின் மேல் நூற்றுக்கணக்கான பாடல்கள் பிறந்தன.

ஜமைக்கா எப்படிப்பட்ட தீவு? கரும்புத் தோட்டங்களுக்காக ஆபிரிக்காவிலிருந்து விலைக்கு வாங்கிக் கொண்டுவரப்பட்டவர்களின் தீவு. தோட்டத்தின் பிள்ளைகள், தொலைதூரத் தொழிற்சாலையில் தங்களை அறியாத ஒருவர் செய்த மலிவான பெட்டியைத் தங்கள் மொழியில் பேச வைத்தார்கள். பெட்டிக்குள் எந்தத் தாளம் இருக்கிறது என்பது முக்கியந்தான். அதைவிட முக்கியம் எந்தக் கை அதைத் தொடுகிறது என்பது.

இதைப்போலவே பம்பாயிலும் ஒன்று நடந்தது. திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், ரோலண்ட் நிறுவனத்தின் தாளக்கருவியையும் அடிச்சுரக் கருவியையும் வைத்துக்கொண்டு, 1982 ஆம் ஆண்டில் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் தனியொருவராக வாசித்து இசைத்தட்டாக்கினார். அன்று அது விலைபோகவில்லை. 2010 ஆம் ஆண்டில் மறுபடி வெளிவந்தபோதுதான், மேலைநாட்டார் பின்னாளில் கண்டுபிடித்ததாக எண்ணியிருந்த ஓர் இசைப்பாணியை இவர் முன்னரே தொட்டிருந்தாரே என்று உலகம் வியந்தது.

கோடம்பாக்கத்து வீடு

1983 ஆம் ஆண்டு மின்னிசையில் ஒரு திருப்புமுனை. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்வதற்கான பொதுமொழி ஒன்று அவ்வாண்டில் அறிமுகமாயிற்று. அதன் பெயர் மிடி. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷியும் அதற்கு வழிகோலியவர்கள்.

மிடி கம்பி வழியாக ஒலி போவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தத்தோடு, எப்போது அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற விவரம் மட்டுமே போகும். நம் பாட்டன்மார் காலத்தில் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குத் தொழிலாளியை மாற்றும்போது அவன் கடன் தொகையை எழுதி அனுப்பும் 'துண்டு' முறை இருந்தது. 1921 ஆம் ஆண்டில் அது ஒழிக்கப்பட்டது. துண்டில் ஆள் இருக்கமாட்டான், ஆளின் கணக்கு மாத்திரம் இருக்கும். மிடியும் அத்தகைய துண்டுதான். ஆனால் இந்தத் துண்டு யாரையும் அடிமைப்படுத்தவில்லை. கணினியில் அதைத் திருத்தலாம், சேர்க்கலாம், திரும்பத் திரும்ப வாசிக்க வைக்கலாம். ஐம்பது பேர் கூடி வாசித்ததைத் தனியொருவர் தன் வீட்டு அறையிலிருந்து படிப்படியாகக் கட்டியெழுப்பலாம். வீட்டு ஒலிப்பதிவுக்கூடம் என்ற ஒன்று பிறந்தது இவ்விதமே.

தமிழிலே இது எப்படி நிகழ்ந்தது என்பதற்கு ஒரு குடும்பத்தின் கதையே சான்று. மலையாளத் திரையுலகில் இசையமைப்பாளராகவும் இசை நடத்துநராகவும் இருந்த ஆர்.கே. சேகர் புதுவகை மின்கருவிகளில் நாட்டமுடையவர். 1976 ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது மகன் திலீபுக்கு ஒன்பது வயது. தந்தை விட்டுச்சென்ற கருவிகளை இசைக்குழுக்களுக்கு வாடகைக்கு விட்டே அக்குடும்பம் காலம் தள்ளியது. சிறுவன் பள்ளி வயதிலேயே கீபோர்ட் வாசிக்கப் போனான். இளையராஜாவின் குழுவிலும் வாசித்தான். 1986 ஆம் ஆண்டில் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினியின் துணையோடு இசையமைத்த காலம் அது. 1989 ஆம் ஆண்டில் அந்த இளைஞர் கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு சேர்த்து ஒரு சிறு ஒலிப்பதிவுக்கூடம் கட்டினார். 1992 ஆம் ஆண்டில் வந்த 'ரோஜா' அங்கே உருவானது. திலீப் அப்போது ஏ.ஆர். ரஹ்மான் ஆகியிருந்தார்.

பதுளை பஸ் நிலையத்துக் கசெட் கடையில் அந்தப் பாடல்கள் ஒலித்த நாட்கள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஒவ்வோர் ஒலியும் தனித்தனியே துலங்கியது. பழைய பாடல்களில் கூட்டமாகக் கேட்ட வாத்தியங்கள் இப்போது ஒவ்வொன்றாக முன்வந்து பேசின. நம் ஊர் இசைக்குழுக்களும் மாறின. முன்பு திருமண வீட்டுக்கு ஹார்மோனியம், தபேலா, கிட்டார், பொங்கோஸ் என்று பலர் ஒரு வானில் ஏறிப் போவார்கள். பின்னர் ஒரு கீபோர்ட்காரரும் இரண்டு பாடகர்களும் போதுமென்றாயிற்று. பெட்டி ஒருவனை மாஸ்டர் ஆக்கியது, மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பியது. இந்த இரண்டையும் சேர்த்தே வரலாறு எழுத வேண்டும்.

ஒலியைப் பிடித்து வைத்தல்

இனி, முதியவரின் கேள்விக்கு வருவோம். பெட்டிக்குள் தப்பை எப்படிக் கொண்டுவருவது?

எண்பதுகளின் நடுப்பகுதியில் கசியோ எஸ்.கே. 1 என்ற ஒரு விளையாட்டுப் பொருள் போன்ற கீபோர்ட்டை விற்றது. அதில் ஒரு சிறு மைக்ரோபோன் இருந்தது. எந்த ஒலியையும் ஒன்றரை விநாடிக்குச் சற்றுக் குறைவான நேரம் அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு கட்டைகளை அழுத்தினால் அதே ஒலி மேலும் கீழுமாகப் பாடும். நாய் குரைத்தால் நாய்க் குரலில் சரிகமபதநி. இதற்குச் சாம்பிளிங் என்று பெயர். தப்பின் ஓர் அடிக்கு ஒன்றரை விநாடி தாராளம். பதிவு செய்ய வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

பின்னாளில் இந்தியச் சந்தைக்கென்று கசியோவும் யமஹாவும் தனி வகைகளைச் செய்து, தபேலாவையும் தம்பூராவையும் சேர்த்தன. சந்தை பெரிதாக இருந்த இடத்தின் ஒலிகள் பெட்டிக்குள் இடம்பிடித்தன. லயத்தின் ஒலியை யாரும் விற்பனைக் கணக்கில் எண்ணமாட்டார்கள். அதை நாமே செய்ய வேண்டியிருந்தது. செய்தும் காட்டினார்கள் சிலர்.

இலண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுபராயத்தைக் கழித்து, போரினால் மீண்டும் இலண்டன் சென்ற மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுபவர். ரோலண்டின் எம்.சி. 505 என்ற, தாளமும் சுரமும் ஒன்றாய் அமைந்த சிறு கருவியில் தன் பாடல்களை முதலில் கட்டினார். 2005 ஆம் ஆண்டில் வந்த 'அருளர்' அவ்வழியே பிறந்தது. 2007 ஆம் ஆண்டின் 'கலா' இசைத்தொகுப்புக்காக அவர் சென்னைக்கு வந்து, உருமி மேளக் கலைஞர்களின் வாசிப்பை ஒலிப்பதிவு செய்தார். கோயில் தெருவில் ஒலிக்கும் உருமி உலகத்தின் நடன அரங்குகளில் ஒலித்தது.

2018 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசைஞர் டென்மாவும் உருவாக்கிய அக்குழுவில் பறையும் கானாவும் மின்கிட்டாருடன் ஒரே மேடையில் நின்றன. இழிவென்று சொல்லப்பட்ட தோலைப் பெருமையோடு ஏந்தி வந்தார்கள். அக்குழுவில் பாடிய இளைஞர் ஒருவர் அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு.

இந்த இடத்தில் கதை நம் மலைக்குத் திரும்புகிறது. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும், 3 இலட்சம் பேரை இலங்கை ஏற்கும், எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரின் விதி பிறகு தீர்மானிக்கப்படும் என்று இரண்டு அரசுகள் மக்களைப் பங்கிட்டன. பதுளையிலும் பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் புகையிரத மேடைகள் கதறின. அந்த வண்டிக்கு மக்கள் வைத்த பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. அப்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பிய ஆயிரமாயிரம் பேரில் அறிவின் பாட்டி வள்ளியம்மாளும் ஒருவர்.

2021 மார்ச்சில் 'என்ஜாயி எஞ்சாமி' வெளிவந்தது. தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் தயாரித்தது. மின்னணுத் தாளமும் ஒப்பாரியின் சாயலும் அதில் ஒன்றாய்க் கலந்தன. காணொளியில் வள்ளியம்மாளே வந்து அமர்ந்திருந்தார். கோடிக்கணக்கானோர் அதைக் கண்டனர். உழைத்தும் நிலமற்றுப் போன ஒரு பாட்டியின் கதை, கணினியில் பிறந்த தாளத்தின் மேல் ஏறி உலகைச் சுற்றியது. நம் தோட்டங்களுக்கு அது கைப்பேசி வழியே திரும்பி வந்தபோது, ஒப்பாரிக் கோச்சியில் போன ஒன்று வேறு உருவில் வீடு திரும்பியதாகவே எனக்குத் தோன்றியது.

ஆனால் அந்தப் பாடலின் கதை அத்தோடு முடியவில்லை. 2022 ஆம் ஆண்டில் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலே அப்பாடல் மேடையேறியது. அதன் ஆக்கத்தில் தன் பங்கு என்ன என்று அறிவு பகிரங்கமாக எழுதினார். சந்தோஷ் நாராயணன் தன் தரப்பை எழுதினார். எவர் சொல்வது சரியென்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமல்ல. நான் கவனிப்பது வேறொன்று. பலருடைய குரலும் பல தலைமுறைகளின் நினைவும் ஒரு பெட்டிக்குள் சேர்ந்து ஒன்றாகும்போது, இது யாருடையது என்ற கேள்வி எழாமல் இருக்காது. முன்பு துண்டிலே ஆள் இல்லாமல் கணக்கு மட்டும் போயிற்று. இப்போது கணக்கு இல்லாமல் ஆளின் ஒலி மட்டும் போய்விடும் அபாயம் உண்டு.

லயத்து அறையிலே

இன்று நிலைமை வெகுவாக மாறிவிட்டது. ஒரு காலத்தில் அறை நிறைய வைக்க வேண்டியிருந்த கருவிகளின் வேலையை ஒரு சாதாரணக் கணினியோ கைப்பேசியோ செய்துவிடுகிறது. தோட்டத்து இளைஞர்கள் தங்கள் அறையிலேயே பாட்டுக் கட்டுகிறார்கள். தகரக் கூரையில் மழை விழுந்தால் பதிவை நிறுத்த வேண்டும். பக்கத்து அறையில் குழந்தை அழுதால் மறுபடியும் தொடங்க வேண்டும். லயத்துச் சுவர் எந்த இரகசியத்தையும் காத்ததில்லை, ஒலிப்பதிவையா காக்கப்போகிறது? கம்பளியைத் தொங்கவிட்டு, கதவிடுக்கில் சாக்கை அடைத்து, ஊர் உறங்கிய பின் பாடுகிறார்கள்.

அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இணையத்திலிருந்து உலகத்துத் தாளங்களையெல்லாம் இறக்கிக்கொள்ளுங்கள். அதில் பிழையில்லை. ஜமைக்காவின் பிள்ளைகளும் அதைத்தான் செய்தார்கள். ஆனால் ஒரு நாள், கைப்பேசியை எடுத்துக்கொண்டு உங்கள் தோட்டத்தில் இன்னும் தப்படிக்கத் தெரிந்த பெரியவரிடம் போங்கள். சாமிக்கு அடிப்பதை, காமன் கூத்துக்கு அடிப்பதை, அவர் சம்மதித்தால் சாவுக்கு அடிப்பதையும் பதிந்து வையுங்கள். தோலைக் காய்ச்சுமுன் ஒரு தடவை, காய்ச்சிய பின் ஒரு தடவை. பதிவின் தலைப்பிலே அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் நாளையும் எழுதுங்கள். பாட்டிலே அதைச் சேர்த்தால், பாட்டோடு அந்தப் பெயரும் போகட்டும். காசு வந்தால் அவருக்குரிய பங்கும் போகட்டும்.

இதில் அவசரம் உண்டு. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. வீடுகளோடும் மனிதர்களோடும் அவர்கள் நினைவில் வைத்திருந்த பாட்டுக்களும் அங்கே மண்ணுக்குள் போயின. மலை சரியாத இடங்களிலும் முதுமை சரிந்துகொண்டுதான் இருக்கிறது.

அந்தப் பசறைத் தோட்டத்து முதியவர் காலமாகிப் பல ஆண்டுகளாகின்றன. அன்றைய திருவிழா இரவில் பற்றரி தீர்ந்து கீபோர்ட் இடையிலே நின்றுவிட்டது. சாமி புறப்பாட்டுக்கு அவரே தப்பெடுத்து அடித்தார். அந்த இளைஞன் கீபோர்ட்டை மடியில் வைத்தபடி விடியும்வரை அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் அடித்த அடிகளில் ஒன்றைக்கூட நாங்கள் எவரும் பதிந்து வைக்கவில்லை. கசெட் ரெக்கோடர் ஒன்று அன்று பந்தலிலேயே இருந்தது. சினிமாப் பாட்டுப் போடுவதற்காக.

பெட்டிக்குள் நம்ம தப்பு இருக்கா என்று அவர் கேட்டார். யாராவது கொண்டுபோய் வைத்தால் இருக்கும் தாத்தா என்பதே இத்தனை வருடங்கள் கழித்து நான் சொல்லக்கூடிய விடை.